எஸ்தர் எந்த வகை?

செண்பகனூர்

பிரியமுள்ள எஸ்தருக்கு,

நீ கண்மூடுமுன் எழுதி வைத்துப் போன நீதி பற்றிய புத்தகம் அச்சாகிறது. உன் கோழிக் கிறுக்கலைப் பிரதி எடுத்தவள் நான்தான். அதில் எனக்குக் கண்ணாடியே மாற்ற வேண்டியதாயிற்று, போ.

முன்னுரையும் நானே எழுத வேண்டுமாம். "அம்மையார் எப்படிப்பட்டவர் என்று நாலு வரி போதும்" என்கிறார் அச்சகத்தார். ஒரு மாதமாக அந்த நாலு வரியில் மாட்டிக்கொண்டு முழித்தேன்.

நம் பள்ளிக்கு வந்த உளவியல் நிபுணர் ஆளுக்கொரு தாள் கொடுத்தாரே, நினைவிருக்கிறதா? தோழியைப் பற்றித் தோழி நிரப்பினால், அவள் இன்ன வகை என்று தெரிந்துவிடுமாம். 'முடிவெடுப்பது அறிவாலா, மனத்தாலா?' என்ற கேள்விக்கு, யோசிக்காமல் 'அறிவு' என்று குறித்தேன். "அப்ப எனக்கு மனசே கெடையாதா, ரஞ்சிதம்?" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. பாக்கியத்தின் விவகாரம் நடந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

விடுதியில் சமைத்த பாக்கியம் சர்க்கரை மூட்டையைத் திருடிவிட்டாள் என்று விசாரணை. அவளை நிற்க வைத்துவிட்டு ஆசிரியைகள் நாம் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். நீ மட்டும் எழுந்தாய். "அவங்க நிக்கிறவரைக்கும் நானும் நிக்கிறேன்." வேறு வழியில்லாமல் நாற்காலி வந்தது. அவளை உட்கார வைத்து, பின்னால் போய் விறைப்பாக நின்றாய். "எடுத்தாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அவங்க சொல்றதையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

அவ்வளவுதான் சொன்னாய். நமக்கு இத்தனை வருஷம் சோறு போட்டவளைப் பற்றி, 'எடுத்திருக்க மாட்டாள்' என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லையே என்று எனக்கு ஆத்திரம். அவள் சொன்னதை விசாரித்தபோது, மூட்டை மலையேறவே இல்லை, அடிவாரத்தில் வத்தலக்குண்டிலேயே கிடக்கிறது என்று தெரிந்தது. அப்போதும் என் கோபம் ஆறவில்லை.

போன வாரம் பள்ளங்கிக்குப் போய்ப் பாக்கியத்தைப் பார்த்தேன். தோட்டமும் பேரப்பிள்ளைகளுமாக நன்றாக இருக்கிறாள். பேச்சுவாக்கில், உனக்கு மனசு கொஞ்சம் குறைவுதான் என்று சொல்லிவிட்டேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாச் சொன்னீங்க போங்க! அன்னிக்கி அந்த டீச்சரம்மா கை என் முதுகுலதான இருந்துச்சு. வெடவெடன்னு நடுங்குச்சுங்க. நான் அழுதா அவங்களும் அழுதுருவாங்கன்னுல்ல அடக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

நான் எதிரில் இருந்தேன், எஸ்தர். உன் முகத்தைத்தான் பார்த்தேன், கையை அல்ல. ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை நீ? வெட்கமாக இருந்தாலும், பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு லேசாகிவிட்டது.

உன்னை எந்த வகையிலும் நான் சேர்க்கப் போவதில்லை. பாக்கியம் சொன்னதை அவள் பேச்சிலேயே முன்னுரையாக எழுதி அனுப்புகிறேன். அச்சகத்தார் திருத்தச் சொன்னாலும் ஓர் எழுத்தும் மாற்ற விடமாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
ரஞ்சிதம்