அக்கா, உன் ரத்தத்தில் இரும்பு இருந்ததாகச் சொன்னேன்

என் செல்ல அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். பத்து வருடம் நீ முட்டிபோட்டுக் கேட்ட பிள்ளை. சங்கராபுரத்தில் நம் சர்ச்சுக்கு வருகிறவர்கள் எல்லாம், "அக்காகாரி உபவாசம் இருந்து வாங்கிக் குடுத்துட்டுப் போன புள்ள" என்கிறார்கள்.

போன தவக்காலத்தில் நாற்பது நாளும் கஞ்சித் தண்ணீர் மட்டும் என்று எனக்காக நேர்ந்துகொண்டாய். மாதாமாதம் உனக்கு ரத்தம் அதிகம் போகும், இரும்பு மாத்திரை போடுகிறவள் என்பது எனக்குத் தெரியாதா? இருபத்தைந்தாம் நாள், கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் லேபுக்கு வந்தாய். படி ஏறியதற்கே உனக்கு மூச்சு வாங்கியது.

"மாத்திர போட்டா உபவாசம் முறிஞ்சிடுமாடி?" என்றாய்.

ரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் குறைவுதான். ஆனால் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் நிறைய இருந்தது. "ஸ்டாக்கு ஜாஸ்தியாவே இருக்குது. மாத்திர வேணாங்க்கா, நீ நேர்ந்தத முடி" என்றேன். சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாய். முப்பத்தாறாம் நாள் பஸ் நிலையத்தில் விழுந்தாய். ரத்தம் ரொம்பக் குறைந்து இதயம் தாங்கவில்லை என்றார்கள்.

போன மாதம் கல்வராயன் மலையில் ஒரு ரத்தப் பரிசோதனை முகாம். வேண்டுதலுக்காகப் பல நாள் பட்டினி கிடந்த ஒரு பெண்ணுக்கும் உன்னுடையது மாதிரியே ரிசல்ட் வந்தது. "ஃபெரிட்டின் நல்லாத்தான இருக்குது மேடம்?" என்றேன். டாக்டரம்மா முறைத்தார்.

"பட்டினி நீண்டுக்கினே போனா கல்லீரல் இரும்பப் பூட்டி வச்சிக்கும். உள்ள மூட்ட மூட்டயா கெடக்கும், ரத்தத்துக்கு வராது. மாத்திர போட்டாலும் சரியா ஏறாது. மொதல்ல கொஞ்சம் கொஞ்சமா சாப்பாடு குடுக்கச் சொல்லு."

தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நீ மூச்சு வாங்கியதைப் பார்த்தேனே அக்கா? ஒரு டாக்டரிடம் கேட்டிருக்கலாமே? நாற்பது நாளும் முடியட்டும், எனக்குப் பிள்ளை தங்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் மகள் மெர்சி பத்து நாளாகக் கஞ்சித் தண்ணீரோடு இருக்கிறாள். "எங்கம்மா பாதியில உட்டுட்டுப் போனத நான் முடிக்கிறேன் சித்தி. உங்களுக்கு நல்லபடியா பொறக்கணும்" என்கிறாள். திட்டினேன், கெஞ்சினேன். தட்டைத் தொடவில்லை. நீ சொன்னால் கேட்பாள். நீ எங்கே?

ஆண்டவர்தான் உன்னை அழைத்துக்கொண்டார் என்று அவள் நம்புகிறாள். உன்னை அந்தப் பட்டினியில் விட்டது என் வாய்தான் என்று இன்று சாயங்காலம் சொல்லப்போகிறேன். இந்தக் கடிதத்தையே அவள் கையில் கொடுப்பேன். பிறகு அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடாமல் போகலாம். இந்தப் பிள்ளையைத் தூக்காமலும் போகலாம். போகட்டும். அவளைச் சாப்பிட வைப்பேன் அக்கா. அவள் முதல் வாய் விழுங்கும் வரை அங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னிடம் "சாப்பிடு" என்று சொல்லாத
தங்கச்சி