பலகையில் எத்தனை ரொட்டி

என் வீட்டுக்காரருக்கு, ஸலாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பிரான்ஸில், அந்த மார்சே நகரத்தில் உங்களோடு வேலை செய்யும் அந்தப் பெண்ணுக்கு நம் ஃபெஸ் நகரத்தைச் சுற்றிக் காட்ட ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறீர்கள். நல்லது. மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. தோல் பதனிடும் தொட்டிகளின் நாற்றம் அவளுக்கு ஆகாது என்றீர்கள். அந்தப் பக்கத்து ஜன்னலை ஆணி அடித்தே மூடிவிட்டேன். கொத்தமல்லி ஆகாது. காரம் ஆகாது. புதினா டீயில் சர்க்கரை பாதிதான்.

பதினொரு வருஷத்தில் எனக்கு எது ஆகாது என்று நீங்கள் கேட்டதேயில்லை.

நேற்று, பிசைந்த ரொட்டி மாவைப் பலகையில் வைத்து, எல்லா வீட்டு ரொட்டியும் சுடும் தெருப் பொது அடுப்புக்குக் கொண்டு போனேன். ஆளுக்கொரு ரொட்டி என்று எண்ணியே எந்த வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லிவிடுவாரே, அடுப்புக்கார இத்ரீஸ், அவர் சிரித்தார்.

"என்ன தங்கச்சி, வீட்டுக்காரர் விருந்தாளியோட வராராமே? அடுத்த வாரம் மூணு ரொட்டியா?"

"ரெண்டுதான்."

"ஏன், விருந்தாளி வரலையா?"

"அவங்க வராங்க. என் ரொட்டி இனிமே எங்கம்மா வீட்டுப் பலகையில வரும்."

இந்நேரம் சந்து முழுக்கத் தெரிந்திருக்கும். வீட்டுச் சாவியை இத்ரீஸிடமே கொடுத்திருக்கிறேன். வந்ததும் நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது ரொட்டிக்காரி