அக்கா மகள் என் வீட்டிலிருந்து படிக்கிறாள்

என் வடிவக்காவுக்கு, ஆசையோடு உன் பேச்சி எழுதுவது.

நீ கண்ணை மூடிய பிறகு ஆற்றில் இரண்டு தடவை வெள்ளம் வந்து வடிந்துவிட்டது. இந்த வருஷமும் நடவு முடிந்து சீவலப்பேரி வயலெல்லாம் பச்சையாகத்தான் கிடக்கிறது. வீட்டில் எல்லாரும் சுகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அடுத்து வருவதைக் கேட்டு நீ பதறிவிடுவாய்.

எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை அக்கா. உன் மகள் மதுவை நினைத்துத்தான். ஊரில் யாரிடம் சொன்னாலும் பரிதாபப்படுவார்கள், அதோடு சரி. அதனால் உனக்கு எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தாலும் வாசிக்கட்டும்.

பாளையங்கோட்டையில் உன் வீட்டைக் காலி செய்து அவளை இங்கே கூட்டிவந்த அன்று, துணிப்பையைவிடப் புத்தக மூட்டைதான் பெரிதாக இருந்தது. தகப்பனையும் சின்னதிலேயே பறிகொடுத்த பிள்ளை. என்னை விட்டால் அவளுக்கு யார்? சோறு போடவும் தலை பின்னிவிடவும் எனக்குப் பயமில்லை. பயம் வேறு. உன் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை நான் பார்த்திருக்கிறேன். சுவிட்சை அணைத்த பிறகும் ஃபேன் ஏன் சுற்றுகிறது என்று அவள் கேட்பாள். நீ எச்சில் கையோடு விளக்கிக்கொண்டே இருப்பாய். குழம்பு தட்டில் காய்ந்துபோகும்.

என் வீட்டில் என்ன பேசுவோம்? நாளைக்கு யார் வயலில் களையெடுப்பு, பஸ் ஏன் வரவில்லை, இவ்வளவுதான். வந்த புதிதில் மது என்னிடமும் ஏதோ கேட்டாள். "தெரியலயே தாயி, நீ சாப்பிடு" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

உன் ஆசைப்படியே அவள் படித்த அதே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புக்கும் விட்டோம். கணக்கும் அறிவியலும் உள்ள குரூப். தினமும் டவுன் பஸ்ஸில் போய் வருகிறாள். காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் பெற்றோரை வரச் சொன்னார்கள். இருப்பதில் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு போனேன். வகுப்பு டீச்சர் என்னைப் பார்த்து மளமளவென்று இங்கிலீஷில் பேசினார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். வெளியே வந்ததும் மதுவிடம் கேட்டேன்.

"டீச்சர் என்ன சொல்லுதாங்க?"

"நல்லா படிக்கேனாம் சித்தி. கையெழுத்துதான் கொஞ்சம் மோசமாம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன். அவள் பாதி குடித்துவிட்டு, போதும் என்று வைத்துவிட்டாள். அதையாவது நான் கவனித்திருக்கலாம்.

அடுத்த வாரம் மருந்துக்கடைக்குப் போனபோது மதுவோடு படிக்கும் பிள்ளையின் அம்மா ஸ்கூட்டரை நிறுத்தினார். அவரும் உன்னைப்போல ஒரு காலேஜில் வேலை பார்க்கிறவர். "மது விஷயத்துல என்ன முடிவு செஞ்சீங்க? ஃபிசிக்ஸ்ல ஃபெயிலாயிட்டாளாமே. குரூப் மாத்தச் சொல்லி மிஸ் உங்ககிட்ட சொன்னாங்கன்னு என் பொண்ணு சொன்னா" என்றார். நான் அப்போதும் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

காலேஜில் இயற்பியல் நடத்தின வடிவு டீச்சர் மகள் இயற்பியலில் தோற்றுப்போனாள். உன்னிடமே இருந்திருந்தால் இது நடக்குமா? என் வீட்டு வாசலை மிதித்ததால்தான் நடந்ததா? என்னால் அதைத் தாண்டி யோசிக்க முடியவில்லை.

சாயங்காலம் அவள் வந்ததும் அடுப்படியில் வைத்துக் கேட்டேன். சத்தம் போடவில்லை. "ஏட்டி, ஏன் என்கிட்ட பொய் சொன்ன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "உங்ககிட்ட சொன்னா என்ன செய்வீய சித்தி? பயந்துதான போவீய."

அது உண்மைதானே அக்கா. அவளே திரும்பவும் பேசினாள். "அந்த மிஸ் பேசப் பேச நீங்க சிரிச்சிக்கிட்டே இருந்தீய. பக்கத்துல நின்னவங்கெல்லாம் உங்கள ஒரு மாதிரி பாத்தாங்க. எனக்குப் பொறுக்கல. சீக்கிரம் உங்கள வெளிய கூட்டிட்டு வந்தாப் போதும்னு இருந்துச்சு." அப்புறம் அழுதாள். இயற்பியல் புத்தகத்தைத் திறந்தாலே உன் குரல் காதில் கேட்கிறதாம். ஒரு பக்கம்கூட ஓடவில்லையாம். இத்தனை மாதமும் இதைத் தனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். நானோ பிள்ளை அமைதியாக இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் களையெடுப்புக்குப் போகாமல் தனியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கேட்டில் நின்ற வாட்ச்மேன் என்ன விஷயம் என்று கேட்டதற்கே எனக்கு வேர்த்துவிட்டது. திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. கடைசியில் டீச்சர் முன்னால் போய் நின்றுவிட்டேன். "டீச்சர், எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அன்னைக்கு நீங்க பேசுனது ஒண்ணும் புரியல. தமிழ்ல சொல்லுங்க" என்றேன்.

டீச்சர் பதறி எழுந்துவிட்டார். "அய்யோ, நீங்க தலைய ஆட்டுனதப் பாத்து எல்லாம் புரியுதுன்னுல்லா நெனச்சேன். இங்க இங்கிலீஷ்லதான் பேசணும்னு எங்களுக்குச் சட்டம். நானே வள்ளியூர்க்காரிதான். உக்காருங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவரிடம் நம் பேச்சைக் கேட்டதும் பாதி நடுக்கம் போய்விட்டது.

குரூப் மாற்றுவதென்றால் இந்த வாரத்துக்குள் மாற்ற வேண்டுமாம். காமர்ஸுக்குப் போனால் இவ்வளவு கஷ்டம் இருக்காதாம். மாற்றாவிட்டால், பின்தங்கின பிள்ளைகளுக்கு அவரே சாயங்காலம் சொல்லிக்கொடுக்கிறார், அதற்கு மது இருக்க வேண்டுமாம். இரண்டில் எது நல்லது என்று எனக்கு எப்படித் தெரியும்? நீயாக இருந்தால் அங்கேயே நாலு கேள்வி கேட்டு முடிவு செய்திருப்பாய். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"உங்க பொண்ணா இருந்தா என்ன செய்வீங்க டீச்சர்?"

"என் பொண்ணுன்னா மாத்த மாட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா என் பொண்ணுக்கு வீட்ல நான் இருக்கேன்லா" என்றார்.

என்னைக் குத்திக்காட்டச் சொன்னதில்லை அது. உள்ளதைச் சொன்னார். ஆனாலும் பஸ்ஸில் வரும்போது அந்த ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்ப வந்தது. மதுவுக்கு வீட்டில் நான் இருக்கிறேன். நான் இருந்து என்ன?

வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். சாயங்கால வகுப்பு முடிந்தால் ஊருக்குப் பஸ் கிடைக்காதே என்றேன். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோவில் காய்கறி ஏற்றிக்கொண்டு பாளை மார்க்கெட்டுக்குப் போகிறவர் இல்லையா? "அவ்வளவுதான? சாயங்காலம் பள்ளிக்கூட வாசல்ல வண்டியப் போட்டு இருக்கேன். பிள்ளைய நான் கூட்டிட்டு வாரேன்" என்றார். மது மட்டும் விரலை நெரித்துக்கொண்டிருந்தாள்.

"மாத்தாண்டாம் சித்தி. ஆனா கடைசியிலயும் தோத்துட்டா?"

அப்போதுதான் அவளிடம் என் கதையைச் சொன்னேன். பத்தாம் வகுப்பில் நான் கணக்கில் தோற்றேனே, உனக்கு நினைவிருக்கும். அப்பா திட்டக்கூட இல்லை. "சரி, நமக்கு அம்புட்டுதான் எழுதியிருக்கு" என்று மறுநாளே நாற்று நட அனுப்பிவிட்டார். அந்த ஒரு பாடத்தை மட்டும் திரும்ப எழுதலாம் என்று அப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. நீ விடுதியில் தங்கிப் படித்ததால் உனக்கு வழி சொல்ல நாலு பேர் இருந்தார்கள். நீ லீவுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அன்றைக்கு நீதான் அழுதாய். நான் அழவில்லை. எதை இழந்தேன் என்று தெரிந்தால்தானே அழுவதற்கு?

"தோத்தா திரும்ப எழுதலாம்ட்டி" என்றேன் மதுவிடம். "இந்த வீட்ல இப்ப அது தெரிஞ்ச ஆளு ஒண்ணு இருக்கு." அவள் கொஞ்சம் சிரித்தாள்.

இது இதோடு முடியவில்லை அக்கா. என் மகள் சுபா இங்கே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள் அல்லவா? மதுவுக்காக இவ்வளவு அலைகிறேனே, சுபாவின் டீச்சர் முகம்கூட எனக்குத் தெரியாதே என்று ஒருநாள் சுருக்கென்று பட்டது. உன் மகள் எதை இழக்கிறாள் என்று பார்த்துப் பார்த்துப் பயந்தேன். என் மகளுக்கு இழக்க ஏதாவது உண்டென்றே நான் நினைத்ததில்லை.

போய்க் கேட்டேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவித்தொகைத் தேர்வு ஒன்று இருக்கிறதாம். யாரெல்லாம் எழுதுகிறீர்கள் என்று டீச்சர் கேட்டபோது சுபா கையைத் தூக்கவில்லையாம். ஏனென்று கேட்டால் அவள் சாதாரணமாகச் சொல்கிறாள்: "நம்ம வீட்ல யாரும் அதெல்லாம் எழுதுனதில்லல்லா."

நம் அப்பா சொன்னது போலவே இருந்தது. அவரை அவள் பார்த்ததுகூடக் கிடையாது. எப்படி வந்து ஒட்டிக்கொண்டது அது? யார் சொல்லிக்கொடுத்தது? நான்தானா?

நல்லவேளை, பேர் கொடுக்க இன்னும் நாள் இருந்தது. கொடுத்துவிட்டோம். மது அவளை உட்காரவைத்து அதட்டி அதட்டிச் சொல்லிக்கொடுக்கிறாள், அப்படியே உன்னைப்போல. அரையாண்டில் மது இயற்பியலில் தேறிவிட்டாள், ஆனால் எல்லையை ஒட்டித்தான். டீச்சர் பரவாயில்லை என்கிறார். எனக்கு அந்தப் பரவாயில்லை போதவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு இருக்கிறது, அதற்குப் பிறகு எந்தக் காலேஜ், என்ன படிப்பு, யாரிடம் போய்க் கேட்பது? நான் கேட்கத் தெரியாமல் விட்டுவிடுகிற கேள்வி ஒன்று எங்கேயோ இருக்கும் என்றுதான் பயமாக இருக்கிறது. இருக்கிறதென்றே தெரியாததை எப்படிக் கேட்பேன் அக்கா?

உன் மகளை உன்னைப்போல ஆக்கிக் காட்டுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. என்னால் ஆவதைச் சொல்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேரும் ஜெயித்தாலும் தோற்றாலும் நேரே வந்து என்னிடம் சொல்வார்கள். என்னைக் காப்பாற்ற இனி எந்தப் பிள்ளையும் இந்த வீட்டில் பொய் சொல்ல வேண்டியிருக்காது. அப்படி வைத்துக்கொள்வேன். இது சத்தியம்.

உன் மகளுக்குச் சித்தியும் அம்மாவுமாக இருக்கப் பாடுபடும்
உன் கூடப்பிறந்த தங்கச்சி,
பேச்சியம்மாள்