காட்டக்கூடாத பகுதி

ப்ளோவ்டிவ்,
செப்டம்பர்.

ஓக்னியானுக்கு ராத்கா எழுதுவது. 'அன்புள்ள' என்று போடக் கை வரவில்லை. வியன்னாவில் புது வேலை பிடித்திருக்கிறதா? இங்கே மழையே இல்லை. ஆவணக்காப்பகத்தில் உன் நாற்காலி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

என் அத்தை வெலிச்கா ஒரு வாரமாக எனக்குக் கதவைத் திறப்பதில்லை. புகையிலைக் கிடங்குத் தொழிலாளிகளின் பேச்சை நாம் பதிவு செய்தபோது, மகன் ஸ்பாஸ் தன் கணவருக்குப் பிறந்தவனில்லை என்று சொன்னாளே, அது நம் வலைப்பக்கத்தில் அப்படியே இருந்திருக்கிறது. ஸ்பாஸ் படித்துவிட்டான். தலைநகர் சோபியாவுக்குப் போனவன் அவளோடு பேசுவதே இல்லை. "நான் சாகுற வரைக்கும் இதை வெளிய விடாதப்பா" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கேட்டாள்.

போனில் நீ என்ன சொன்னாய்? "எக்ஸ்எம்எல்ல அதுக்கு 'மூடியது'ன்னு நாமளே பேர் வச்சு குறிச்சோம். எச்டிஎம்எல் பக்கமா மாத்துனப்போ பிரவுசருக்கு அந்தப் பேர் தெரியல. தெரியாத குறியைத் தாண்டிட்டு உள்ள இருக்கறதைக் காட்டிரும். மெஷின் புத்தி அவ்வளவுதான், ராத்கா" என்றாய். நம்பினேன். எக்ஸ்எம்எல் விவரத்தைச் சேமிக்க, அதில் எந்தப் பெயரையும் நாமே வைக்கலாம். எச்டிஎம்எல் பக்கத்தைக் காட்ட, அதில் தலைப்பு, பத்தி என்று அதற்குத் தெரிந்த பெயர்கள்தான் செல்லும் என்று எனக்குச் சொல்லித் தந்தவனே நீதானே.

நேற்று மற்றவர்களின் பக்கங்களையும் திறந்து பார்த்தேன். மூடிய பகுதிகளை ஒன்றுவிடாமல் வெட்டி எடுத்திருக்கிறாய். அத்தையுடையதை மட்டும் விட்டுவைத்திருக்கிறாய். நம் பதிவுகளின் கண்காட்சித் திறப்பன்று அத்தையின் பக்கம் ஓடிய திரையின் முன்னால் கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதே, வாசலில் விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்த எனக்குக் காரணம் தெரியவில்லை. வியன்னாக்காரர்கள் உன்னை வேலைக்குக் கேட்டதும் அன்றுதான். செய்ததையும் செய்துவிட்டுப் பிரவுசர் மேல் பழி போட உனக்கு எப்படி மனசு வந்தது?

பக்கத்தை எடுத்துவிட்டேன். அத்தை என்னைத்தான் சந்தேகப்படுகிறாள். கதவுக்குப் பின்னாலிருந்து, "அண்ணன் மகளே என்னைக் காட்டிக் குடுத்துட்டா. அந்தப் பையன் செய்ய மாட்டான், அவன் தங்கம்" என்றாள். ஒரு தடவை ரயிலேறி வா. அவள் வாசலில் நின்று நடந்ததைச் சொல். நான் சொன்னால் நம்பமாட்டாள்.

உனக்கு அனுப்பச் சொல்லி மிளகாய் விழுது ஒரு ஜாடி வெளியே வைத்திருந்தாள். அனுப்பியிருக்கிறேன். "எங்க இருந்தாலும் அந்தப் பிள்ளை நல்லா இருக்கட்டும்" என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். வாழ்த்து அவளுடையது.

ராத்கா