வரிசை மாறிய நாலு டிஸ்க்

விருத்தாசலம்
17.10.2008

அன்பு மகள் தமிழினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நல்ல சுகம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். சுகம் என்று வழக்கத்துக்கு எழுதினேனே தவிர, ஒரு வாரமாக ஸ்டூடியோவில் எனக்கு நிம்மதி இல்லை. போனில் சொன்னால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

கல்யாண வீடியோ போட்டு வைக்க நீ வாங்கிக் கொடுத்தாயே ரெய்டு பெட்டி, அதுதான் தொல்லை. ரெய்டு என்றதும் அம்மா வருமான வரிக்காரர்கள் என்று பயந்தாளே, அதுவேதான். உள்ளே நாலு டிஸ்க் இருக்குதுப்பா, ஒண்ணு செத்தாலும் மத்த மூணும் காப்பாத்தும் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். இப்போது நாலும் உயிரோடுதான் இருக்கின்றன, ஒன்றும் வாயைத் திறக்கவில்லை. கரண்ட் போய்ப் போய் வந்ததில் பழைய கம்ப்யூட்டர் புகைந்துவிட்டது. விஜயதசமிக்குப் புதுசு வாங்கிப் பெட்டியை அதில் மாட்டினால், டிஸ்க் காலி, பார்மேட் செய்யட்டுமா என்று கேட்கிறது. கம்ப்யூட்டர் விற்ற கோதண்டபாணி, எஸ் குடுங்கண்ணே சரியாயிடும் என்று கையை நீட்டினான், தட்டிவிட்டேன். மூன்று நாள் அவனைத் திட்டினேன், ஒயரைத் திட்டினேன், கடலூர் போய் வேறு ஒயர் வாங்கி வந்தேன். அப்புறம் அம்மாதான் கேட்டாள், ஆயுத பூஜைக்கு நீங்கதானே நாலையும் கழட்டித் தொடச்சீங்க, பழையபடியே மாட்டினீங்களா என்று. ஒவ்வொரு வீடியோவையும் துண்டு துண்டாக நாலிலும் பிரித்து வைக்குமாம், வரிசை மாறினால் பெட்டிக்குச் சேர்க்கத் தெரியாதாம். ஈரத்துணியில் துடைத்தபோது நீ ஒட்டிய ஒன்று இரண்டு மூன்று நாலு ஸ்டிக்கர் எல்லாம் உரிந்து வந்துவிட்டது. சந்தனம் குங்குமம் வைத்துக் கைக்கு வந்தபடி செருகினேன். பூஜைக்குத் துடைக்காமல் பொட்டு வைக்க முடியுமா? நம்பர் ஒட்டத் தெரிந்த உனக்கு, எதற்கு ஒட்டினேன் என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையா? இருபத்திநாலு விதம்தாண்ணே, மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கலாம் என்கிறான் கோதண்டபாணி. தப்பாகப் போட்டால் உள்ளதையும் அதுவே அழித்துவிடும் என்கிறார் கடலூர்க் கடைக்காரர். நான் எதையும் தொடவில்லை.

மற்ற கல்யாணமெல்லாம் சிடி போட்டுக் கொடுத்தாயிற்று, போனால் போகட்டும். கருவேப்பிலங்குறிச்சி தேவநாதன், பீங்கான் சூளையில் வேலை பார்த்தவர், மகள் கல்யாணம் முடிந்து மூன்றே மாதத்தில் மாரடைப்பில் போனாரே, அவர் சம்சாரம் சொர்ணாம்பாள் நாலு தடவை வந்துவிட்டது. கார்த்திகையில் முதல் வருஷத் திதி. பந்தியில் நின்று அவர் எல்லாரையும் சாப்புட்டுத்தான் போவணும் என்று கூப்பிட்ட இடம் இரண்டு நிமிஷம் இருந்தது. சிடியில் அதன்மேல் சினிமாப் பாட்டைப் போட்டு நான்தான் மூடிவிட்டேன். மூஞ்சி தெரியுதுங்க, குரலுதான் இல்ல என்று அந்த அம்மா சொன்னபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. படம் பிடித்த கேசட்டிலும் அதன்மேலேயே வேறு கல்யாணம் எடுத்தாயிற்று. அசல் குரல் அந்தப் பெட்டியில் மட்டும்தான்.

ஒரே வழி இருக்கிறது. போன வருஷ பூஜையில் நாலையும் வரிசையாக வைத்துக் கிட்டத்தில் படம் எடுத்தேன். அப்போது துடைக்கவில்லை, பொட்டு மட்டும்தான். உன் நம்பரும் இருக்கும், கம்பெனி அச்சடித்த பொடி நம்பரும் லென்ஸ் வைத்தால் படிக்கலாம். அந்தப் படம் எங்கே என்கிறாயா? பெட்டிக்குள்ளேதான் போட்டு வைத்தேன், சிரிக்காதே. ஆனால் ஒரு பிரிண்டு போட்டு விபூதி குங்குமத்தோடு உனக்கு அனுப்பினேனே, வந்தது என்று நீயும் சொன்னாயே. அதை வைத்திருக்கிறாயா, கவரோடு தூக்கிப் போட்டுவிட்டாயா? அலமாரி, புத்தக இடுக்கு எல்லாம் தேடு. கிடைத்தால் எந்த ஸ்டிக்கருக்கு எந்தப் பொடி நம்பர் என்று சொல். பொடி நம்பர் டிஸ்க்கில் அழியாமல்தான் இருக்கிறது, அதைப் பார்த்து வரிசையாகச் செருகிவிடுவேன். கோபமெல்லாம் உன்மேல் இல்லை, துடைத்தது நான்தான்.

கொளஞ்சியப்பர் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். ரொட்டியிலேயே காலம் தள்ளாமல் சோறு ஆக்கிச் சாப்பிடு என்று அம்மா சொல்லச் சொன்னாள். கடிதம் கிடைத்த அன்றே போன் செய். படம் இல்லையென்றாலும் செய். உன் குரலையாவது கேட்டு வைத்துக்கொள்கிறோம்.

உன் வரவை நினைத்திருக்கும்
அப்பா விருத்தகிரி