பதினோரு கோரைத் தண்டுகள்

ஹெல்விக், விஸ்கான்சின்
மார்ச் 16, 1993

என் அருமை மார்லிஸ்,

அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை. வலது முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டது. மகளுக்குப் பறவைப் பத்திரிகையில் படம் தேர்ந்தெடுக்கும் வேலை என்று காபிக் கடையில் சொன்னேன். "அதுக்கும் சம்பளம் தர்றாங்களா?" என்றான் கார்ல். மில்வாக்கியில் எல்லாவற்றுக்கும் தருவார்கள் என்று சொல்லி வைத்தேன்.

சேதி இதுதான்: சிவப்புத்தோளன்கள், அந்தக் கறுப்புப் பறவைகள், வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, கொல்லையில் இன்னும் முழங்கால் பனி. துணிக்கொடிக் கம்பத்தின் மேல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். உடம்பெல்லாம் கரி, தோளில் மட்டும் தணல். "கொங்கரீ" என்று கத்தும்போது ஊதிவிட்டதுபோல அந்தத் தணல் பெரிதாகிறது. அடுத்தவன் இடத்துக்குள் நைசாக நுழையும்போது அதே சிவப்பை மடித்து ஒளித்துக்கொள்கிறான், மஞ்சள் விளிம்பு மட்டும்தான் வெளியே தெரிகிறது. நாற்பது வருஷம் கொல்லைக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சதுப்பை ஒட்டியே பால் லாரி ஓட்டினேன். கண் சாலையில், மனம் அடுத்த காபியில். ஒருநாளும் இதைப் பார்த்ததில்லை.

நீ விட்டுப்போன கேமராவில் ஒரு சுருள் முழுக்க எடுத்திருக்கிறேன். பறவை பறந்துபோன பிறகு கம்பம் மட்டும் மிகத் தெளிவாக வந்திருக்கிறது.

உன் அப்பா
வெர்ன்

---

மில்வாக்கி
ஏப்ரல் 27, 1993

அன்பு அப்பா,

இரண்டாவது உறையும் வந்தது. முதல் சுருளின் கம்பத்தை என் மேஜைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். இந்தச் சுருளில் பறவையே இருக்கிறது! பனிமூட்டத்தில் அவன் கத்தும்போது வாயிலிருந்து ஆவி வருகிறதே, அதை என்னைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் எழுந்துவந்து பார்த்தார்கள்.

ஒன்று சொல்லவேண்டும், சிரிக்கக் கூடாது. 'ஒரு தடித்த சிட்டுக்குருவி ஓயாமல் குறுக்கே வந்து படத்தைக் கெடுக்கிறது' என்று எழுதியிருந்தீர்கள். அது சிட்டுக்குருவி இல்லை, அப்பா. அவன் மனைவி. பெண்ணுக்குச் சிவப்பு கிடையாது. பழுப்பில் கோடு கோடாக இருப்பாள். கூடு கட்டுவதும் அடைகாப்பதும் அவள்தான். அவனுக்குப் பாட்டும் காவலும், சில சமயம் ஐந்தாறு மனைவிகளும். இனி அவளையும் கொஞ்சம் பாருங்கள்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

மார்லிஸ்

---

ஹெல்விக்
மே 24

மார்லிஸ் கண்ணு,

மரியாதையான ஒரு குடும்பத்தலைவியைச் சிட்டுக்குருவி என்றதற்கு அவள் புருஷன் என்னைத் தண்டித்துக்கொண்டிருக்கிறான். தபால்பெட்டிக்குப் போனால் பின்மண்டையில் ஒரு குட்டு. திரும்பினால் இன்னொன்று. பக்கத்து வீட்டு இர்மா சன்னலைத் திறந்து பார்த்தாள்.

"ஒரு கைப்பிடிப் பறவைகிட்ட அடி வாங்குறியே, வெர்ன்! திருப்பி அடிக்கத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நியாயம் அவன் பக்கம் இருக்கே!"

"நியாயம் இருக்கட்டும், தலையில ரத்தம் வருது பாரு."

அவளைப் பார்த்தேன், நீ சொன்னபடியே. ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கோரைக்குள் இறங்கினேன். கூட்டுக்கு நான்கு தண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, ஈர இலைக் கீற்றுகளைச் சுற்றிச் சுற்றி வரிந்து, உள்ளே சேறு பூசி, அதற்குள் மெல்லிய புல்லை மெத்தையாகப் போட்டிருக்கிறாள். கை இல்லை, மார்லிஸ். அலகு ஒன்றுதான். நான் கட்டிய கராஜ் கதவு இன்றைக்கும் மூடுவதில்லை. வெளிர்நீலத்தில் நான்கு முட்டைகள். பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்ததுபோல அவற்றின் மேல் கறுப்புக் கோடுகள். எட்டாம் வகுப்போடு நின்ற என் கையெழுத்துக்கு அது எவ்வளவோ தேவலை.

படம் வைத்திருக்கிறேன். காலை வெயில் அவள் கண்ணில் விழுகிறது பார். கூட்டைப் பற்றி இன்னும் எழுதலாம், தாள் முடிந்துவிட்டது.

அப்பா

---

மில்வாக்கி
ஜூன் 1

அப்பா! அப்பா!

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். கூட்டில் அவள் இருக்கும் படம் ஆகஸ்ட் இதழின் அட்டை. ஆசிரியர் அம்மா ஹில்டகார்ட் எதையும் புகழாதவர். பூதக்கண்ணாடியை வைத்துப் பத்து நிமிஷம் பார்த்தார். "யார் எடுத்தது?" என்றார். "எங்கப்பா. பால் லாரி ஓட்டினவர்" என்றேன். சொல்லும்போது என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

"கூட்டைச் சுத்தி எதையும் வெட்டலையே? இவ்வளவு வெளிச்சம் எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டார். எங்கள் அப்பா அப்படிச் செய்கிற ஆள் இல்லை, நான் பொறுப்பு என்றேன். சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது, ஆனாலும் ஒப்புக்கொண்டார். இணைத்திருக்கும் தாளில் ஒரே வரிதான்: எதையும் வெட்டவில்லை, வளைக்கவில்லை, நகர்த்தவில்லை. கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள். பன்னிரண்டாம் தேதி அச்சுக்குப் போகிறது.

பெருமையோடு
மார்லிஸ்

---

ஹெல்விக்
ஜூன் 4

மார்லிஸ்,

அந்தத் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து இல்லை.

போன கடிதத்தில் தாள் முடிந்துவிட்டது என்று எழுதினேன். முடியவில்லை. பாதிப் பக்கம் காலியாகத்தான் கிடந்தது.

கூடு நிழலில் இருந்தது. குறுக்கே கோரை. நாற்பது வருஷம் லாரி ஓட்டியவன் நான். முன்கண்ணாடியில் பனி ஒட்டினால் சுரண்டிவிட்டுத்தான் பார்ப்பேன். அந்தப் புத்திதான் வந்தது. தோட்டக் கத்தரியை எடுத்துப் பதினோரு தண்டுகளை வெட்டினேன். வெயில் நேராக அவள்மேல் விழுந்தது. சந்தோஷத்தில் விசிலடித்தேன் என்றுகூட நினைவு.

மறுநாள் காலை போனேன். கூடு ஒருபக்கம் சரிந்து கிடந்தது. முட்டை ஒன்றுகூட இல்லை. சேற்றில் முட்டை திருடித் தின்னும் ரக்கூனின் கால்தடம், குழந்தைக் கை பதிந்ததுபோல. வெயிலுக்கு நான் திறந்துவிட்ட இடைவெளி அதற்கும் வழி காட்டியிருக்கிறது. அவள் பக்கத்துத் தண்டில் உட்கார்ந்து "செக், செக்" என்றாள். அவன் அன்றைக்கும் என் மண்டையில் குட்டினான். நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

படம் நன்றாக வந்துவிட்டதே என்று உனக்கு அனுப்பினேன். நீ ஒரு வார்த்தை மெச்சுவாய் என்று ஆசை. எனக்காக நீ பொறுப்பேற்பாய் என்று நினைக்கவில்லை. உன் ஆசிரியர் அம்மாவிடம் கிழவன் என்னை ஏமாற்றிவிட்டான் என்று சொல். அது பொய்யில்லை.

அப்பா

---

மில்வாக்கி
ஜூன் 9

அப்பா,

படத்தை எடுத்துவிட்டோம். அட்டைக்கு வேறொருவர் எடுத்த கொக்கு.

ஹில்டகார்ட் திட்டவில்லை. "இனிமே யாருக்காகவும் பொறுப்பேத்துக்காதே" என்றார். திட்டியிருக்கலாம்.

கூட்டை நெருங்காதீர்கள் என்று நான் எழுதியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் கோபமாகத்தான் இருக்கிறது. வெட்டியதற்கு இல்லை. அந்தக் காலிப் பாதிப் பக்கத்துக்கு. கொஞ்ச நாள் கழித்து எழுதுகிறேன்.

மார்லிஸ்

---

ஹெல்விக்
ஜூன் 27

மார்லிஸுக்கு,

நீ எழுதுகிறவரை காத்திருக்கத்தான் நினைத்தேன். ஒரு சேதி இருக்கிறது, அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு ஒன்றிலும் மனம் போகவில்லை. புல்கூட வெட்டவில்லை. இந்தத் தெருவில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். பத்து நாள் முன்னால் இர்மா, இழவு வீட்டுக்குக் கொடுப்பதுபோல, பாஸ்தாவும் கறியும் போட்டுச் சுட்ட ஒரு பாத்திரத்தோடு வந்து கதவைத் தட்டினாள்.

"உயிரோடதான் இருக்கியா? புல் இடுப்புக்கு வந்தாச்சு. நீ போய்ச் சேந்துட்டேன்னு கார்ல் சொல்றான்."

"அவனை நம்பியா வந்தே?"

"நம்பாமலா ஒரு பாத்திரம் சமைச்சேன்?"

அவளிடம் பேசிக்கொண்டே சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். கொல்லைக் கோடியில், புல்லும் சதுப்பும் சேரும் இடத்தில், ஒரு பழுப்புக்காரி வாயில் ஈரக் கீற்றோடு இறங்கினாள். ஐந்து நிமிஷத்தில் இன்னொரு கீற்று. அவளேதானா, அவன் மனைவிகளில் வேறொருத்தியா என்று எனக்குத் தெரியாது. முதலிலிருந்து கட்டினாள். முகத்தில் அலுப்பு இல்லை, அவசரமும் இல்லை. அவள் அடைகாக்க ஆரம்பித்து இன்றைக்கு மூன்று நாள். மழை கொட்டினாலும் எழுந்திருப்பதில்லை. இறக்கையைக் கொஞ்சம் விரித்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். ஒரு சின்ன உயிரைப் பார்ப்பதற்கே இவ்வளவு கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று எனக்கு அறுபத்தெட்டு வயதில்தான் தெரிகிறது.

நான் சன்னலைத் தாண்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெறும் கண்ணால் பார்க்கிறேன். இந்த உறையில் படம் எதுவும் இல்லை.

அப்பா

---

ஜூன் 30

அப்பா,

சனிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வருகிறேன். கேமரா கொண்டுவரவில்லை. சன்னலோரம் இன்னொரு நாற்காலி போட்டு வையுங்கள். நான் வருகிறேன் என்று புல்லை வெட்டிவிடாதீர்கள்.

மார்லிஸ்