கோரைக்குண்டு வயலும் பள்ளி நூலகமும்

3.9.2024, செவ்வாய்

"நடந்ததை எழுதினா அது கதையாகுமா டீச்சர்?" என்று ராசம்மாள் என்னிடம் கேட்டு ஐந்து வருடம் ஆகிறது. அப்போது அவர் எங்கள் பள்ளியில் சத்துணவுச் சமையலர். நோட்டில் 'ஒரு வயலில் நடவு நடந்தது' என்று எழுதிக் காட்டினார். "எந்த வயல்? 'ஒரு மரம்'னா கண்ணுல எதுவும் வராது. 'தெற்குத் தெருப் புங்கமரம்'னா நிழலே வந்துடும்" என்றேன். மறுநாள் 'கோரைக்குண்டு வயல்' என்று திருத்திக் கொண்டுவந்தார். நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கதைகள் புத்தகமாயின. பள்ளி நூலகத்திலும் ஒரு பிரதி இருக்கிறது.

அதை எடுத்துவிடச் சொல்லி மனு வந்திருக்கிறதாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருப்பதால் தலைமையாசிரியர் மதிவாணன் ஃபோனில் சொன்னார்.

4.9.2024, புதன்

மனு கொடுத்தவர் ராஜசேகர், ஒன்பதாம் வகுப்பு தர்ஷினியின் அப்பா. கதையில், வலி கண்ட பெண்ணிடம் நிலத்துக்காரர் 'நட்டு முடிச்சிட்டுப் போ' என்கிறார். பிள்ளை வரப்பிலேயே பிறக்கிறது. ஆட்கள் பெயரையெல்லாம் ராசம்மாள் மாற்றியிருந்தார். ஆனால் இங்கே வயல் பெயரைச் சொன்னாலே போதும், குடும்பம் தெரிந்துவிடும். கோரைக்குண்டு, ராஜசேகரின் தாத்தாவுடையது.

வேறு ஊரிலிருந்து வேலைக்கு வந்த எனக்கு இது உறைக்கவே இல்லை. இருபத்தெட்டு வருடம் இங்கேயே இருந்தும்.

6.9.2024, வெள்ளி

ராசம்மாள் வீட்டுக்குப் போனேன்.

"எடுத்துடச் சொல்லுங்க டீச்சர். முப்பது வருஷம் சோறு போட்ட பள்ளிக்கூடம். என்னால அங்க சண்டை வேணாம்."

"வயல் பேரை எழுதச் சொன்னது நான்தான்னு ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"நீங்க உதாரணம்தானே சொன்னீங்க? எழுதுனது என் கை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரலை. அந்தப் புத்தகம் வந்த அன்னிக்கு அதை முந்தானையில துடைச்சுத் துடைச்சுப் பார்த்த மனுஷி — இப்ப எடுத்துடுங்கன்னு சொல்றா. என்ன டீச்சர் நான்?

8.9.2024, ஞாயிறு

வெள்ளிக்கிழமை கூட்டம். நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

13.9.2024, வெள்ளி

சொல்லிவிட்டேன். "வயல் பேர் என் யோசனை. கோவம்னா என்மேல காட்டுங்க தம்பி."

"எனக்கே பாடம் எடுத்தவங்க. உங்ககிட்ட என்னத்தைக் கோவிச்சுக்கிறது?" என்றார் ராஜசேகர். முகம் மட்டும் இறுகியே இருந்தது. பேச்சுவாக்கில்தான் தெரிந்தது: அவர் படித்தது வாட்ஸ்அப்பில் வந்த ஒரே ஒரு பக்கம்.

"அந்தக் கதையை முழுசா இங்கேயே படிங்களேன், எல்லாரும் கேக்குறோம்" என்றேன்.

வேண்டாவெறுப்பாகத்தான் புத்தகத்தை எடுத்தார். எதிர் பெஞ்சில், குழு அழைத்து வந்திருந்த ராசம்மாள், குனிந்த தலையோடு. 'நட்டு முடிச்சிட்டுப் போ' — அதை ராஜசேகர் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. குரல் இறங்கிவிட்டது. மற்றப் பெண்கள் முந்தானைகளை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டும் இடத்தையும் படித்தார். பிள்ளையின் அழுகையோடு கதை முடிகிறது.

"அந்தப் பிள்ளை பொழச்சுதா?" என்று ராசம்மாளிடம் கேட்டார்.

"உங்க மோட்டாருக்குக் காயில் கட்டுறானே செழியன், அவன்தான் தம்பி" என்றார் ராசம்மாள்.

"செழியன் அண்ணனா?"

"வரப்புல பொறந்தவன், எங்க போட்டாலும் மொளைப்பேன்னு அவனே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறான்."

எல்லோரும் சிரித்தார்கள். ராஜசேகர் சிரிக்கவில்லை. "எங்க தாத்தா நல்லதும் செஞ்சிருக்காரு. அதை யாரு எழுதுறது?"

"நீங்க எழுதுங்க தம்பி. எனக்குத் தெரியாதுல்ல?" என்றார் ராசம்மாள். அதில் கேலி இல்லை.

அடுத்த கூட்டம் வரை புத்தகம் மதிவாணன் பீரோவில்.

4.10.2024, வெள்ளி

இன்று புத்தகம் அலமாரிக்குத் திரும்பியது. ராஜசேகரே சம்மதித்தார். பின்னட்டையின் உள்பக்கம் அவர் எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. வெள்ள வருடத்தில் தாத்தா நெல் பத்தாயத்தைத் திறந்து ஊருக்கே அளந்து போட்டதைப் பற்றி ஒன்றரைப் பக்கம். கடைசி வரி: 'காளியம்மாளை அன்று வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.'

கதையில் அந்தப் பெண்ணுக்கு வேறு பெயர். செழியனிடம் போய் அவன் அம்மா பெயரைக் கேட்டிருக்கிறார்.

இதை என்றாவது யாராவது படித்தால்: வேண்டாம் என்று தோன்றும் புத்தகத்தை, எழுதியவர் எதிரே உட்கார்ந்திருக்க, ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள்.